ஒற்றைக் கயிற்றில் நின்ற படகு

என் அக்காள் புருஷனுக்குத் துறைமுகத்தில் ‘சும்மா மாஸ்டர்’ என்று பெயர். வைத்தவன் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் இப்போதுகூடப் போய் நாலு கேள்வி கேட்பேன். ஆனால் பெயரில் பொய் இல்லை. மனிதர் வாழ்நாள் முழுக்கச் சும்மா இருப்பதற்குத்தான் சம்பளம் வாங்கினார்.

அவர் ஓர் இழுவைப் படகின் மாஸ்டர். இழுவைப் படகு பார்க்க லட்சணமாக இருக்காது. குட்டை, கட்டை, வயிறு முழுக்க எஞ்சின். நடுக்கடலில் ராஜா மாதிரி வரும் பெரிய கப்பல், துறைமுகத்துக்குள் நுழைந்ததும் நெரிசலான பேருந்தில் மாட்டிக்கொண்ட பருத்த ஆளாகிவிடும். திரும்பவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. அதன் மூக்கில் கயிறு போட்டு இழுத்து, திருப்பி, இடத்தில் கொண்டுபோய் வைப்பது இந்தக் குட்டைப் படகுதான்.

எங்கள் துறைமுகத்தில் இந்த வேலைக்கு இரண்டு கம்பெனிகள். ஒன்றின் படகுகளுக்குச் சிவப்பு வண்ணம், மற்றதற்குப் பச்சை. ஆளுக்கு இரண்டு படகு. ஒன்று ஓடும், ஒன்று நிற்கும். ஓடுகிற படகு கப்பல்களை இழுக்கும். அதற்கு ஏதாவது ஆனாலோ, காற்று மிஞ்சினாலோ, கைகொடுக்கப் போவது நிற்கிற படகு. எங்கள் மச்சான் பச்சைக் கம்பெனியின் நிற்கிற படகுக்கு மாஸ்டர். மாதத்தில் ஒரு முறை கூப்பிட்டாலே அதிகம். மற்ற நேரமெல்லாம் காலை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சும்மா இருப்பது சும்மா இல்லை என்று அவர் சொல்வார். இந்த அளவு எஞ்சின் ஸ்கூட்டர் மாதிரி உதைத்தவுடன் ஓடாது. குளிர்ந்து கிடந்தால், எண்ணெய் சூடாகி, இரும்பு சூடாகி, பாரத்தை இழுக்கிற பதத்துக்கு வர அரை மணிக்கு மேல் ஆகும். ஆபத்து அவ்வளவு நேரம் காத்திருக்காது. அதனால் நிற்கிற படகின் எஞ்சினை எப்போதும் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் அவர் சாப்பாட்டு டப்பாவை வைப்பார். அக்கா காலையில் கட்டிக்கொடுத்தது மதியம் திறக்கும்போது ஆவி பறக்கும். வீட்டில் சாப்பிட்டால்கூட அவ்வளவு சூடாக இருக்காது என்பது எனக்கு அனுபவம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சாதாரணமாக ஒரு படகைக் கரையில் நாலு கயிறு போட்டுக் கட்டுவார்கள். நிற்கிற படகுக்கு மட்டும் ஒரே கயிறு. ஒருவன் குனிந்து அதைத் தூக்கி எறிந்தால் படகு கிளம்பிவிடும். ஆகவே ஒற்றைக் கயிற்றில் ஒரு படகு நின்றால், உள்ளே ஆள் இருக்கிறது, எஞ்சின் சூடாக இருக்கிறது, கூப்பிட்டால் வரும் என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. எங்கிருந்தும் கண்ணுக்குத் தெரியும். இது எந்தச் சட்டத்திலும் எழுதியதில்லை. எழுதாததாலேயே எல்லோரும் நம்பினார்கள்.

நான் துறைமுகக் கோபுரத்தில் ரேடியோ பேசுகிறவன். மேலே ஏறிவிட்டால் நாலு பக்கமும் கண்ணாடி, கையில் பைனாகுலர். என் சம்பளம் துறைமுகத்துடையது, ஆகவே சிவப்புக்கும் பச்சைக்கும் நான் பொதுவானவன். பொதுவானவனுக்கு இரண்டு பக்கமும் வசவு உண்டு.

இரண்டு கம்பெனிக்கும் அப்போது கீரி பாம்புப் பகை. வருகிற கப்பலை யார் பிடிப்பது என்று போட்டி போட்டு ஓடுவார்கள். கேன்டீனில் தனித்தனி பெஞ்சு. ஒருவன் உப்பு டப்பாவை இன்னொருவனிடம் கேட்க மாட்டான், உப்பில்லாமலே தின்றுவிட்டு எழுந்து போவான். ஆனால் கப்பல் ஒன்று சிக்கலில் மாட்டினால், நான் ரேடியோவில் வாயைத் திறப்பதற்குள் சிவப்பின் நிற்கிற படகும் பச்சையின் நிற்கிற படகும் கயிற்றை எறிந்துவிட்டுப் பாயும். மற்றவன் முந்திவிடக் கூடாதே என்ற வயிற்றெரிச்சல். அந்த வயிற்றெரிச்சல்தான் எங்களையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது ரொம்பப் பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

இந்தப் பகைக்கு நடுவில் அக்காள் மகள் போய்ச் சிவப்புக் கம்பெனிக்காரன் ஒருவனை விரும்பித் தொலைத்தாள். பையன் தங்கம். சிவப்பின் ஓடுகிற படகுக்கு மாஸ்டர், இளவயசுக்காரன், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். மச்சான் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்தார்.

“ஊர்ல வேற மாப்பிள்ளையே கிடைக்கலையா இவளுக்கு? நாளைக்கு அவன் படகு என் படகை முந்தினா, வீட்டுக்கு வந்து என் மூஞ்சில முழிப்பானா?” என்றார் என்னிடம்.

“முந்தினாத்தானே மச்சான்? உங்க படகுதான் நகர்றதே இல்லையே” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். கல்யாணமும் நடந்தது. மாமனாரும் மருமகனும் வீட்டில் தொழில் பேசுவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் தானாகவே உண்டாயிற்று. மழையைப் பற்றிப் பேசுவார்கள், விலைவாசியைப் பற்றிப் பேசுவார்கள். கம்பெனிப் பேச்சு வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிப்பார்கள்.

பிறகு ஒரு நாள் இரண்டு முதலாளிகளும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். எத்தனை காலம் அடித்துக்கொள்வது? ஒத்துழைப்பு என்றார்கள். போட்டி போட்டு இருவரும் எண்ணெயை எரித்து நஷ்டப்படுவதற்குப் பதில், கைகோத்துப் போகலாம். சிவப்புப் படகுக்கு ஆபத்து என்றால் பச்சையின் நிற்கிற படகு போகும். பச்சைக்கு ஆபத்து என்றால் சிவப்பினுடையது வரும். உனக்கு நான், எனக்கு நீ. கேன்டீனில் பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டார்கள். உப்பு டப்பா கைமாறியது. நானே அதைக் கண்ணால் பார்த்து நெகிழ்ந்துபோனேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், வேலை முடிந்து மச்சானைப் பார்க்கப் படகுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் சாப்பாட்டைப் பார்க்கத்தான் போனேன். அவர் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினார். ஒரு வாய் வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

“என்ன மச்சான், சாப்பாடு ஆறிக் கிடக்கு?”

அவர் வாயின் ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் ரொம்ப நாளாகத் தொந்தரவு. நான் எழுந்து இரும்பு ஏணியில் இறங்கி எஞ்சின் மேல் கையை வைத்தேன். சவத்தைத் தொட்டதுபோல் இருந்தது.

மேலே வந்து கரையைப் பார்த்தேன். படகு ஒரே கயிற்றில், எப்போதும்போல மிடுக்காக, நின்றுகொண்டிருந்தது.

“எத்தனை நாளா?” என்றேன்.

“ஆச்சு. எண்ணெய் தண்டமா எரியுதாம். ஓடாத படகுக்கு எதுக்குச் சூடுங்கறான் மேனேஜர். எஞ்சின் ஆளையும் ஓடுற படகுக்கு மாத்திட்டான். ‘அதான் சிவப்போட படகு சூடா நிக்குதே, நம்மளுது எதுக்கு?’ன்னான்.”

“அப்புறம் எதுக்கு மச்சான் ஒத்தக் கயித்துல நிக்குது? நாலு கயித்தையும் போட வேண்டியதுதானே?”

அவர் டப்பாவை மூடினார். “நாலு கயிறு போட்டா எல்லாரும் பாப்பாங்கடா. சும்மா மாஸ்டரோட படகு செத்துப்போச்சும்பாங்க. இத்தனை வருஷம் கூப்பிட்ட குரலுக்கு வந்தவன் நான். மாட்டைக் கட்டற மாதிரி என் கையாலயே அதைக் கட்டச் சொல்றியா? கயிறு ஒண்ணாவே இருக்கட்டும். சிவப்பு இருக்கு, பாத்துக்கும்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மானம் என்று ஒரு மனிதர் சொல்லும்போது அதற்குமேல் என்ன பேசுவது? மேலும் சிவப்பு இருக்கிறதே என்று நானும்தான் நினைத்தேன்.

அந்த வாரமே அக்கா வீட்டில் சாப்பாடு. மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். ஒத்துழைப்பு வந்த பிறகு வீட்டு ஒப்பந்தம் தளர்ந்துவிட்டது. மாமனாரும் மருமகனும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழில் பேசத் தொடங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான்.

“நீங்க இருக்கிற தைரியத்துலதான் மாமா நான் காத்துல எல்லாம் கப்பலைப் பிடிக்கிறேன். எங்க கம்பெனி கஞ்சப்பய கம்பெனி. ‘பச்சையோட படகு சூடா நிக்குது, நமக்கு எதுக்கு’ன்னு சொல்லி எங்க நிக்கிற படகோட எஞ்சினை எப்பவோ அணைச்சுட்டாங்க. சும்மா ஒத்தக் கயித்துல தொங்குது, ஊரை ஏமாத்த.”

அக்கா குழம்பு ஊற்ற வந்தவள், மச்சானின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். அவர் கை தட்டிலேயே இருந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சிவப்புக்குப் பச்சை இருக்கிறது, பச்சைக்குச் சிவப்பு இருக்கிறது. அதாவது துறைமுகத்தில் யாருக்கும் யாரும் இல்லை.

“என்னப்பா, பல்லா?” என்றாள் மகள்.

“ஆமா, பல்லுதான்” என்று எழுந்து கை கழுவப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார். “என் கயித்தைப் பாத்துட்டுத்தான் அவன் காத்துல போறான். நான்தான் அவனை ஏமாத்திட்டிருக்கேன்டா” என்றார்.  பிறகு திரும்பி வந்து, தட்டின் முன் உட்கார்ந்து, மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மச்சான் மேனேஜரிடம் போனார். மேனேஜர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“அவங்க படகும் குளிர்ந்துதான் கிடக்குது சார்” என்றார் மச்சான்.

“யார் சொன்னா?”

“என் மருமகன்.”

“வீட்டுப் பேச்சையெல்லாம் வெச்சுக்கிட்டு நான் அந்தக் கம்பெனியைப் போய்க் கேக்க முடியுமா? உங்க படகைக் காட்டுங்க, தொட்டுப் பாக்கணும்னு? இப்பத்தான் ஒண்ணு சேந்திருக்கோம். சந்தேகப்பட்டா ஒத்துழைப்பு எப்படி நிலைக்கும்?”

“சரி சார். அப்ப நம்ம படகையாவது சூடு பண்ணுங்க.”

“நாம சூடு பண்ணா, அவங்களை நம்பலைன்னு ஆயிடாதா?”

 பகையாளியாக இருந்தபோது ஒருவன் வீட்டுக் கூரை ஒழுகுவது இன்னொருவனுக்குத் தெரியும். நண்பர்களான பிறகு எட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவாகிவிட்டது. நானும் என் பங்குக்குத் துறைமுக அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “ரெண்டு படகும் ஒத்தக் கயித்துலதானேய்யா நிக்குது? அப்புறம் என்ன?” என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அடுத்த நாள் காலை கோபுரத்திலிருந்து பார்த்தேன். பச்சையின் நிற்கிற படகு நாலு கயிற்றில் கட்டியிருந்தது. மச்சான் நாலோடு விடவில்லை, கிடைத்த பழங்கயிற்றையெல்லாம் எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருந்தார். கட்டும்போது மனிதர் என்ன பாடு பட்டிருப்பார் என்று நினைத்தேன். அன்று காற்று அடித்தபோது பைலட்டுகள், அதாவது கப்பலில் ஏறி அதை உள்ளே கொண்டுவருகிறவர்கள், பைனாகுலரில் அதைப் பார்த்துவிட்டுக் கப்பலை வெளியிலேயே நிறுத்தினார்கள்.

மறுநாள் கயிறுகளைக் கழற்றச் சொன்னார்கள். அவர் கழற்றவில்லை. ஆள் விட்டுக் கழற்றினார்கள். அவர் திரும்பக் கட்டினார். இப்படி ஒரு வாரம் போயிற்று. கடைசியில் வயதாகிவிட்டது என்று சொல்லி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படகு மறுபடி ஒற்றைக் கயிற்றில் நின்றது. அதற்குள் யாரும் இல்லை.

வீட்டில் உட்கார்கிற மனிதரா அவர்? படகுக்கு எதிரே, கரையில், முன்காலத்தில் கயிறு கட்டுவதற்காக நட்ட ஒரு குட்டைக் கல் உண்டு. காலையில் வந்து அதன்மேல் உட்கார்ந்தார். மாலையில் எழுந்து போனார். அடுத்த நாளும் வந்தார். பொதுக் கரை, எழுந்து போ என்று யாரும் சொல்ல முடியாது. நான் மேலிருந்து பார்க்கும்போதெல்லாம், பச்சைப் படகும், ஒற்றைக் கயிறும், அதற்கு எதிரில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதரும் தெரியும்.

“அங்க உக்காந்து என்ன மச்சான் பண்றீங்க?” என்று கேட்டேன்.

“கயிறு பொய் சொல்லுதுல்ல. நான் உண்மையைச் சொல்றேன்.”

சீக்கிரமே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கல்லில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தால் படகு செத்துக் கிடக்கிறது என்று பொருள். எப்போதாவது, இன்சூரன்ஸ்காரர்கள் பார்வையிட வருகிற நாட்களில், கம்பெனி ஆள் போட்டு எஞ்சினைச் சூடாக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் மச்சான் எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்விடுவார். கல் காலியாக இருந்தால் படகு சூடு. பைலட்டுகள் கயிற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கல்லைப் பார்க்க ஆரம்பித்தார்கள். “கல்லு எப்படி?” என்று காற்று அடிக்கிற நாட்களில் ரேடியோவில் என்னைக் கேட்பார்கள். “ஆள் இருக்கு” என்பேன். கப்பல் வெளியே நிற்கும். மாப்பிள்ளையும் தன் சிவப்புப் படகை ஒதுக்கிக்கொண்டு, தூரத்திலிருந்து மாமனாருக்குக் கையை ஆட்டுவான். அவரும் ஆட்டுவார்.

வாழ்நாளெல்லாம் தயாராக இருக்கிறேன் என்று சொல்ல உட்கார்ந்திருந்தவர், இப்போது யாரும் தயாராக இல்லை என்று சொல்ல உட்கார்ந்திருந்தார். சம்பளம் இல்லாத வேலை. இந்த முறை யாரும் அவரைச் சும்மா மாஸ்டர் என்று கேலி செய்யவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஆபத்து என்று சொல்லத்தான் ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது. ஆபத்தில்லை என்பதை வெறும் கல்லே சொல்லிவிடும். ஆள் வராவிட்டால் கல் என்ன சொல்லும்? இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம்புவதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது, அது போதும் என்றிருந்தோம். ஒற்றைக் கயிற்றை நம்பிய அதே முட்டாள்கள்தானே நாங்கள்?

அந்தக் கடைவாய்ப் பல் ஒரு நாள் ராத்திரியோடு ராத்திரியாக வீங்கிவிட்டது. காலையில் கன்னம் பூசணிக்காய் மாதிரி இருந்ததாம். அப்படியும் துறைமுகத்துக்குக் கிளம்பியவரை அக்கா வாசலில் மறித்துக்கொண்டாள்.

“ஒரு நாள் அந்தக் கல்லுல உக்காரலைன்னா கடல் ஒண்ணும் வத்திடாது. முதல்ல பல்லைப் பிடுங்கிட்டு வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாருடைய பெண்டாட்டியும் அதைத்தான் செய்திருப்பாள். மாப்பிள்ளைக்கு இது தெரியாது. அவன் விடிவதற்குள் படகேறிப் போய்விட்டிருந்தான்.

எனக்கும் தெரியாது. அன்று எனக்கு மதிய முறை. கோபுரத்துக்குப் போகிற வழியிலேயே காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. படி ஏறும்போது, இன்றைக்கு ஒரு கப்பலும் உள்ளே வராது, நிம்மதியாக உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டேன். மேலே காலை முறைக்காரன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான்.

“கார் கப்பல் ஒண்ணு உள்ள வந்துட்டிருக்கு. உங்க மாப்பிள்ளைதான் இழுக்கிறாரு. காத்தைப் பாத்துப் பைலட் யோசிச்சாரு. கல்லு காலின்னு சொன்னேன், சரின்னுட்டாரு” என்றான்.

நான் பைனாகுலரைப் பிடுங்கினேன். கல் காலியாக இருந்தது. பச்சைப் படகின் புகைக்குழாய்க்கு மேல் ஒரு துளி அனல் அசைவுகூட இல்லை. 

கார் ஏற்றும் கப்பல் என்றால் மிதக்கிற சுவர். காற்று அதன் பக்கவாட்டில் கையை வைத்துத் தள்ளினால் போகிற இடமெல்லாம் போகும். அது அலைதடுப்புச் சுவர்களின் நடுவே நுழைந்துவிட்டிருந்தது. இனித் திரும்ப முடியாது. மூக்கில் கயிற்றோடு சிவப்புப் படகு முழு மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தது. கப்பல் அதையும் சேர்த்து எண்ணெய்த் துறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. இழுவைப் படகுக்கு இதுதான் சாவு. கப்பல் படகைப் பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கினால், தன் கயிறே தன்னைக் கவிழ்த்துவிடும். அதற்கு ஒரே மருந்து, கொக்கியைத் தட்டிக் கயிற்றைக் கழற்றிவிட்டு ஓடுவது.

ரேடியோவில் பைலட்டின் குரல்: “பச்சையை அனுப்புங்க. சீக்கிரம்.”

நான் பச்சையை அழைக்கவில்லை. யாரை அழைப்பது? அதன் ஓடுகிற படகு காலையிலேயே வேறொரு கப்பலோடு வெளியே போயிருந்தது. மாப்பிள்ளையை அழைத்தேன்.

“கயித்தைக் கழட்டு! கழட்டிட்டு வெளிய வா!”

“கழட்டினா கப்பல் எண்ணெய்த் துறையில போய் இடிக்கும். அங்க ஆளுங்க நிக்கிறாங்க. பச்சை வரட்டும், அதுவரைக்கும் பிடிச்சு வெக்கிறேன்” என்றான். குரல் நிதானமாக இருந்தது.

“பச்சை வராதுடா! செத்துக் கிடக்கு! கழட்டுடா!”



“கல்லு காலியாத்தானே இருக்கு, சின்ன மாமா?” என்றான்.

அப்போதுதான் மச்சானைப் பார்த்தேன். கரையில் ஓடி வந்துகொண்டிருந்தார். வாயில் பஞ்சு, சட்டையில் ரத்தம், பின்னால் வெகுதூரத்தில் அக்கா. பல் டாக்டர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது சாலையிலிருந்தே கப்பலைப் பார்த்திருக்கிறார். கல்லைத் தாண்டினார், பூட்டிக் கிடந்த படகில் குதித்தார், அந்த ஒற்றைக் கயிற்றைத் தூக்கி எறிந்தார். எவ்வளவு சுலபமாகக் கழன்றது! கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார். எஞ்சின் ஒரு முறை இருமியது. கரும்புகை வந்தது. இன்னொரு முறை இருமியது. பிறகு அந்தப் படகு எஞ்சின் இல்லாமல், கயிறும் இல்லாமல், காற்று தள்ளிய பக்கம் மெல்ல நகர்ந்தது. அதன் முனையில் என் மச்சான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். நம்பாதே, கயிற்றை விடு, விடு என்று. மருமகனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பச்சைப் படகு கிளம்பிவிட்டது, மாமா கையாட்டுகிறார் என்றுதான் தெரிந்திருக்கும்.

சிவப்புப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்சம்தான் சாய்ந்ததுபோல் இருந்தது. அப்புறம் அதன் அடிவயிறு தெரிந்தது.

படகில் நாலு பேர். எண்ணெய்த் துறையில் நின்றவர்கள் கயிறு வீசி மூன்று பேரைத் தூக்கினார்கள். மாப்பிள்ளை அந்த மூன்றில் இல்லை. கப்பல் துறைக்கு இந்தப் பக்கமே தரைதட்டி நின்றுவிட்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்த அன்று, இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தன. ஒரே வளையம், ஒரே பட்டை, பட்டையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெயர். பச்சையிலிருந்து ஒருவர், சிவப்பிலிருந்து ஒருவர், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அக்காள் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கை பரபரத்தது. அந்த வளையத்தைப் பிடுங்கித் தெருவில் வீச வேண்டும் என்று எழுந்தேன்.

மச்சான் என்னைத் தடுத்தார். வீக்கம் வடியாத முகத்தோடு எழுந்து போய், இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். பட்டையில் இருந்த இரண்டு பெயர்களையும் படித்தார்.

“பரவால்லையே” என்றார் அவர்களிடம். “மத்தவன் கொண்டு வருவான்னு ரெண்டு பேரும் சும்மா இருந்துடலையே.”